அசையாமலும் வேண்டும், அவிழவும் வேண்டும்

(பன்னிரண்டாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

நம் ஊர் நகரப் பேருந்தில் பயணம் செய்பவர்களுக்கு ஓர் இசை நன்றாகப் பழக்கம். சன்னலுக்குக் கீழே உள்ள தகட்டில் ஒரு திருகாணி கழன்று போயிருக்கும். வண்டி குண்டு குழியில் இறங்கி ஏறும் போதெல்லாம் அந்தத் தகடு ‘தடதட’வென்று தாளம் போடும். அதைப் பொருத்தியவர் யார், எதைக் கொண்டு பொருத்தினார், ஏன் கழன்றது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ‘ஓட்டை வண்டி’ என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுகிறோம். ஒரு வண்டியின் உட்புறத்தை மூடும் தகடுகளை உறுதியாகப் பொருத்துவதில் எவ்வளவு சிந்தனை அடங்கியிருக்கிறது என்பதை, 2024-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் நான் கண்கூடாகக் கண்டேன். அதை என் அன்புத் தோழியருடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

என் தந்தையின் தமக்கை இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரில் செவிலியராகப் பணிபுரிகிறார்கள். அவர்கள் நம் பள்ளியின் பழைய மாணவி. தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கோவென்ட்ரி வெகு தொலைவுதான். ஆயினும் கார்களைப் பற்றி எழுதுவதற்கு அதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. 1890-களிலேயே டெய்ம்லர் நிறுவனம் கார் செய்யத் தொடங்கிய ஊர் அது. என் மாமா அங்கே இயந்திரப் பொறியாளராக இருந்தார்கள். 2022-இல் மாரடைப்பால் திடீரென்று காலமானார்கள். மாமா விட்டுச் சென்றவற்றுள் ஒன்று, வீட்டை ஒட்டிய கொட்டகையில் முக்கால் பங்கு முடிந்து நின்ற ஒரு கார்.

அது கடையில் வாங்கிய கார் அன்று. ‘கிட் கார்’ என்று அதற்குப் பெயர். சட்டகம், சக்கரம், எஞ்சின், தகடு, மின்கம்பி, திருகாணி என எல்லாம் தனித்தனியாகப் பெட்டிகளில் வரும். வாங்கியவரே அவற்றை வீட்டில் வைத்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. காலின் சாப்மன் என்ற பொறியாளரின் லோட்டஸ் நிறுவனம் 1957-இல் ‘லோட்டஸ் செவன்’ என்ற சின்னஞ்சிறு திறந்த காரை வெளியிட்டது. முழுக் காராக வாங்கினால் அரசாங்கத்துக்கு வரி கட்ட வேண்டும். பாகங்களாக வாங்கினால் அந்த வரி இல்லை. ஆகவே பலரும் பாகங்களை வாங்கிச் சென்று தாமே பூட்டினார்கள். 1973-இல் வரிமுறை மாறி அந்தச் சலுகை போயிற்று. ஆனால் வீட்டிலேயே கார் கட்டும் ஆசை மட்டும் போகவில்லை. அதே ஆண்டில் கேட்டரம் என்ற நிறுவனம் அந்தக் காரைச் செய்யும் உரிமையைப் பெற்றது. இன்றும் அதைப் பாகங்களாகவும் விற்று வருகிறது. அதே சாயலில் வேறு பல சிறு நிறுவனங்களும் கிட் கார்களைச் செய்தன. மாமா வாங்கியது அப்படிப்பட்ட ஒன்று.

மாமா இறந்த பிறகு இரண்டு ஆண்டுகள் அந்தக் கார் போர்வைக்குள்ளேயே இருந்தது. ‘இருக்கிற நிலையிலேயே கொடுத்துவிடுங்கள்’ என்று விலை பேசி ஒருவர் வந்தார். அத்தைக்கு மனம் வரவில்லை. வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றும் தெரியவில்லை. நான் போய்ச் சேர்ந்த வாரத்தில் ஒருநாள் மாலை, போர்வையை விலக்கிக் காரைச் சுற்றி வந்தார்கள். எஞ்சின் ஓடியது. பிரேக் பிடித்தது. விளக்குகள் எரிந்தன. சுவரோரமாக ஒன்பது அலுமினியத் தகடுகள் மட்டும் செய்தித்தாள் சுற்றியபடி சாய்ந்திருந்தன.

“மாமா எல்லாத்தையும் முடிச்சுத்தான் வச்சிருக்காங்க. மூடுறது ஒண்ணுதான் பாக்கி. நாம மூடிருவோமா, பிள்ளே?” என்று அத்தை கேட்டார்கள்.

அந்த ஒன்பது தகடுகளும் காரின் உட்புறத்துக்கு உரியவை. கால் வைக்கும் பள்ளத்தின் பக்கவாட்டில் இரண்டு. இருக்கைகளுக்கு நடுவே ஓடும் மேட்டின் இரு பக்கங்களுக்கு இரண்டு. அந்த மேட்டின் மூடியாக ஒன்று. டாஷ்போர்டுக்கு அடியில் ஒன்று. இருக்கைகளுக்குப் பின்னால் ஒன்று. வெளிப்புறச் சட்டத்தை ஒட்டி இரண்டு. கிட் கொடுத்த நிறுவனத்தின் கையேட்டில் இந்தத் தகடுகளைப் பற்றி நான்கே வரிகள்தாம் இருந்தன. ‘உரிய இடத்தில் வைத்துப் பொருத்துக’ என்பதே அவற்றின் சாரம். எதைக் கொண்டு, எங்கே, எத்தனை என்ற விவரம் இல்லை.

‘தகடுதானே, பசை தடவி ஒட்டிவிட்டால் போகிறது’ என்று எண்ணத் தோன்றும். ஆனால் அந்தத் தகடுகளுக்குப் பின்னால்தான் காரின் உயிர்நாடிகள் ஓடுகின்றன. நடு மேட்டுக்குள் எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டு செல்லும் தண்டு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுற்றுகிறது. அதன் அருகிலேயே பிரேக் எண்ணெய்க் குழாய், பெட்ரோல் குழாய், கை பிரேக் கம்பி, மின்கலத்தின் தடித்த கம்பி ஆகியவை செல்கின்றன. கால் பள்ளமோ மிகக் குறுகியது. அங்கே ஒரு தகடு கழன்று பிரேக் மிதியின் பின்னால் விழுந்தால், ஓட்டுபவர் எவ்வளவு அழுத்தினாலும் மிதி இறங்காது. நீளமான ஒரு திருகாணியின் முனை மின்கம்பியின் மேல் உரசிக்கொண்டே இருந்தால், ஒருநாள் உறை தேய்ந்து தீப்பொறி எழும். அந்தக் காரில் முதலில் போகப் போவது மதினிதான். ‘உன்னை ஏற்றிக்கொண்டு கடற்கரை வரை போவேன்’ என்று மாமா மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஆகவே ‘ஏதோ ஒட்டினோம்’ என்று விட்டுவிட முடியாது.

வேலை தொடங்கும் முன் அத்தை விளக்கைப் பிடித்துச் சட்டகம் முழுவதையும் பார்க்கச் சொன்னார்கள். அப்போதுதான் மாமாவின் எழுத்து கண்ணில் பட்டது. இரும்புக் குழாய்களின் மேல் வெள்ளை மையில் சிறு சிறு தமிழ் எழுத்துகள். ‘இதன் பின்னால் பிரேக் குழாய், துளை போடாதே’, ‘இங்கே போடலாம்’, ‘பெட்ரோல், கவனம்’ என்று ஒவ்வோர் இடத்திலும் அம்புக்குறியோடு எழுதியிருந்தார்கள். தமக்காகவே எழுதிக்கொண்டார்களா, பின்னால் வருபவருக்காக எழுதினார்களா என்பதை இனி யாரிடம் கேட்பது? அத்தை ஒவ்வொன்றையும் மெல்ல வாய்விட்டுப் படித்தார்கள். நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். தகடு மூடிய பிறகு எந்தக் குழாய் எங்கே போகிறது என்று தெரியாது. ஆகவே மூடுவதற்கு முன் படமும் எடுத்து வைத்துக்கொண்டோம்.

அடுத்து, எதைக் கொண்டு பொருத்துவது என்ற கேள்வி. தொழிற்சாலையில் செய்யும் கார்களில் பெரும்பாலும் பிளாஸ்டிக் பொத்தான்களைக் கொண்டு அழுத்திவிடுவார்கள். நொடியில் வேலை முடியும். ஆனால் துளை நூல் பிசகாமல் இருக்க வேண்டும். கழற்றும்போது பாதிப் பொத்தான்கள் உடையும். இருபுறமும் தடவி ஒட்டும் ரப்பர் பசை ரெக்சினையும் கம்பளத்தையும் ஒட்டுவதற்கு நல்லது. தகட்டைத் தாங்குவதற்கு அது மட்டும் போதாது. கியர்ப் பெட்டியின் சூட்டில் அது இளகும். திறந்த காரில் மழை ஈரமும் சேரும். வெல்க்ரோ பட்டை அடிக்கடி திறக்கும் சிறு மூடிக்கு ஆகும். மிதியின் அருகே அதை நம்பக் கூடாது.

பாப் ரிவிட் என்பது மிகவும் சாமர்த்தியமான கண்டுபிடிப்பு. தகட்டின் பின்பக்கம் கை நுழையாத இடத்திலும் முன்பக்கமிருந்தே அதை அடிக்கலாம். நடுவில் உள்ள ஆணியைக் கருவி இழுக்கும். பின்பக்கத்துக் குழல் பூப்போல் விரிந்து இறுகும். ‘டக்’ என்ற ஓசையோடு ஆணி முறிந்து வெளியே வந்துவிடும். பலமான பிடிப்பு. ஆனால் திறக்க வேண்டுமானால் துளையிட்டு அழிக்கத்தான் வேண்டும். கடைசியாக ரிவ்நட். இதுவும் ரிவிட் போலவே பின்னால் மடிந்து பிடித்துக்கொள்ளும். ஆனால் அதன் உள்ளே மரை இருக்கும். அதில் திருகாணியை எத்தனை முறை வேண்டுமானாலும் முடுக்கலாம், கழற்றலாம்.

அத்தை ஒன்பது தகடுகளையும் வரிசையாக வைத்து ஒவ்வொன்றையும் பார்த்து, “இதுக்குப் பின்னால என்ன இருக்கு?” என்று கேட்டார்கள். வெளிச் சட்டத்தை ஒட்டிய இரண்டுக்கும் பின்னால் ஒன்றுமில்லை. அவற்றை ரிவிட் அடித்துவிடலாம். மற்ற ஏழுக்கும் பின்னால் என்றாவது ஒருநாள் கை நீள வேண்டியிருக்கும். அவற்றுக்கு ரிவ்நட். ஒரு கேள்வியிலேயே முடிவு கிடைத்தது. காரின் தரைத் தகடுகளை மாமா முன்பே பசையும் ரிவிட்டுமாக இறுக்கியிருந்தார்கள். அவை சட்டகத்துக்கு வலிமை தருபவை, திறப்பதற்கானவை அல்ல. தாங்கும் தகடு வேறு, மூடும் தகடு வேறு என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

இனி வருவது நம் பள்ளித் தையல் வகுப்பில் பயின்றவர்களுக்கு எளிதில் விளங்கும். துணியை வெட்டும் முன் காகிதத்தில் மாதிரி வெட்டுகிறோம் அல்லவா? தகட்டுக்கும் அப்படியே. முதலில் அட்டையில் வெட்டி, உள்ளே வைத்துப் பார்த்து, இடிக்கும் இடத்தைக் கத்தரித்து, துளைகளின் இடத்தை அட்டையிலேயே குறித்தோம். துளைகளுக்கு இடையே ஏறத்தாழ 120 மில்லிமீட்டர். விளிம்புக்கு மிக அருகே துளை வந்தால் தகடு கிழியும். ஆகவே துளையின் மையம் விளிம்பிலிருந்து ஆணியின் தடிமனைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு உள்ளே இருக்க வேண்டும் என்பது விதி. ரவிக்கையின் ஓரத்தில் தையலுக்குத் துணி விடுவது போலத்தான்.

நிரந்தரத் தையலுக்கு முன் ஓட்டுத் தையல் போட்டு அளவு பார்ப்பதும் உண்டல்லவா? அதற்கு ஈடாக விமானத் தொழிலாளர் பயன்படுத்தும் ‘கிளீக்கோ’ என்ற சிறு ஊக்குகள் இருந்தன. ஒரு துளை போட்டதும் அதில் ஓர் ஊக்கு. பிறகு எதிர்மூலையில் ஒரு துளை, ஓர் ஊக்கு. தகடு நகராமல் நிற்க, நடுவில் உள்ளவற்றை வரிசையாகப் போடலாம். ஒரு முனையிலிருந்து நேராகத் துளையிட்டுக்கொண்டே போனால், கடைசியில் தகடு கோணி நிற்கும். “இதெல்லாம் எங்க தையல் டீச்சர் சொல்லிக் கொடுத்தது” என்று அத்தை சிரித்தார்கள். மாமா இறந்த பின் அவர்கள் அந்தக் கொட்டகையில் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று மதினி பிறகு என்னிடம் சொன்னாள்.

துளையிடும் போது அஞ்ச வேண்டியது, இரும்பைத் துளைத்ததும் துளைமுனை ‘சரக்’கென்று உள்ளே பாய்வது. அதைத் தடுக்க, துளைமுனையின் மேல் ஒரு சிறு குழாய்த் துண்டைச் செருகி ஆறு மில்லிமீட்டர் மட்டுமே வெளியே நீட்டியிருக்கும்படி செய்தோம். அதற்கு மேல் உள்ளே போக முடியாது. 5 மில்லிமீட்டர் திருகாணிக்கான ரிவ்நட்டுக்கு 7 மில்லிமீட்டர் துளை வேண்டும். சற்றுப் பெரிதானாலும் ரிவ்நட் பிடிக்காமல் சுற்றும். துளையின் பிசிறை அரத்தால் நீக்கி, இரும்புத் துகள் ஒன்றுகூட விடாமல் துடைத்து, துளையின் உள்விளிம்பில் பெயின்ட் தொட்டு வைத்தோம்.

இந்த இடத்தில் தூத்துக்குடிக்காரிக்கு ஒரு பெருமை உண்டு. உப்பின் குணம் எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உப்பளத்தின் பக்கத்து வீட்டில் இரும்புக் கதவு எத்தனை நாள் தாங்கும் என்று நமக்குத் தெரியும். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்கச் சாலையிலேயே உப்பைத் தூவுகிறார்கள். இரும்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்பு நீர் புகுந்தால், அது ஒரு சின்ன மின்கலம் போலாகி அலுமினியம் அரிக்கப்படும். வெள்ளைப் பொடியாக உதிர்ந்து, ஆணி இருந்த இடத்தில் ஓட்டை மட்டும் எஞ்சும். ஆகவே இரண்டும் நேரே தொடாதபடி இடையில் மஞ்சள் நிறக் காப்புப் பசை பூசினோம். திருகாணியின் தலைக்கடியில் நைலான் வாஷர் வைத்தோம். வேதியியல் பாடத்தில் மனப்பாடம் செய்தது கைக்கு வந்த நாள் அது.

ஏழு தகடுகளுக்கும் சேர்த்து 54 திருகாணிகள். நடு மேட்டின் மூடிக்கு மட்டும் எட்டே போதுமாயிற்று. இரு ஓரமும் மடிக்கப்பட்ட தகடு தானாகவே விறைப்பாக நிற்கும். வண்டி அதிரும்போது திருகாணி தளராமல் இருக்க மரையில் ஒரு துளி பசை விடுவது வழக்கம். லாக்டைட் என்ற அந்தப் பசையில் நீலம், சிவப்பு என்று வகை உண்டு. சிவப்பை விட்டால் சூடாக்கினால்தான் கழலும். நீலம் அதிர்ச்சிக்கு அசையாது. கைக்கருவிக்கு மட்டும் இசையும். அத்தை நீலத்தை எடுத்தார்கள். நான் முழு பலத்தையும் கொடுத்து முடுக்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார்கள். “காயத்துக்குத் தையல் போடும்போது ரொம்ப இறுக்கினா சதை செத்துப்போகும். ரெண்டு ஓரமும் சேர்ந்தா போதும்” என்றார்கள். முப்பது ஆண்டு மருத்துவமனை அனுபவம் அது. அளவுக்கு மீறி இறுக்கினால் தகடு குழியும், ரெக்சின் சுருங்கும், ரிவ்நட் சுற்றிப்போகும். இறுக்கம் வேறு, உறுதி வேறு.

தகடும் குழாயும் உரசும் இடமெல்லாம் கம்பளிப் பட்டை ஒட்டினோம். நம் பேருந்தின் தாளத்துக்கு மருந்து அதுதான். கூரிய விளிம்புகளுக்கு ரப்பர் பட்டை. அங்கே வீட்டில் கட்டிய கார் சாலைக்கு வர வேண்டுமானால் அரசுச் சோதனையில் தேற வேண்டும். 1998-இல் ஒரு முறையாகத் தொடங்கிய அந்தச் சோதனை, 2009 முதல் ‘ஐ.வி.ஏ.’ என்ற பெயரில் நடக்கிறது. பிரேக், விளக்கு, புகை மட்டுமன்றி, விபத்தில் தலையோ முழங்காலோ மோதக்கூடிய விளிம்புகளையும் பார்க்கிறார்கள். 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைந்த கூர்மை அங்கே ஆகாது. அழகுக்காக மூடுகிறோம் என்று நினைத்திருந்த எனக்கு, மூடுவதும் பாதுகாப்பின் ஒரு பகுதியே என்பது புரிந்தது.

கோவென்ட்ரியில் அந்தப் பருவத்தில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். அத்தை பணி முடிந்து வந்ததும் தினமும் இரண்டு மணி நேரம் வேலை. மூன்று வாரம் ஆயிற்று. கடைசியாக நடு மேட்டின் மூடியை வைக்கும்போது அத்தை சற்று நேரம் கையை எடுக்கவில்லை. உள்ளே இருந்த மாமாவின் எழுத்துகள் இனிக் கண்ணுக்குத் தெரியாது. “துடைச்சிரணுமா அத்தை?” என்று கேட்டேன். “எதுக்கு? அது அங்கேயே இருக்கட்டும். நாளைக்கு யாராவது திறப்பாங்க. அவங்களுக்கு வேணும்” என்றார்கள். பிறகு எட்டுத் திருகாணிகளையும் தாமே முடுக்கினார்கள்.

நான் ஊர் திரும்பிய பின் ஆகஸ்டு மாதத்தில் கார் சோதனைக்குப் போயிற்று. தகடுகளைச் சோதனையாளர் கையால் இழுத்துப் பார்த்தாராம். ஒன்றும் அசையவில்லை. ஆனால் கை பிரேக்கின் பிடிமானம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்தக் கம்பியை முறுக்கிச் சரிசெய்யும் இடம் எங்கே இருக்கிறது? நடு மேட்டின் மூடிக்கு அடியில்! எட்டுத் திருகாணிகளைக் கழற்றப் பத்து நிமிடம். சரிசெய்ய அரை மணி. மூட இன்னும் பத்து நிமிடம். மூடியை ரிவிட் அடித்திருந்தால் தகட்டையே பாழாக்க வேண்டியிருந்திருக்கும். இரண்டாம் முறை கார் தேறியது. திறந்தபோது அந்த அம்புக்குறி எழுத்தைப் பார்த்துத்தான் கம்பியைக் கண்டுபிடித்ததாக மதினி தொலைபேசியில் சொன்னாள். அப்பா பக்கத்தில் நின்று காட்டிக் கொடுத்தது போல் இருந்ததாம். செப்டம்பரில் தாயும் மகளும் கடற்கரை வரை போய் வந்தார்கள்.

நம் நாட்டில் இப்படி வீட்டிலேயே கார் கட்டிச் சாலையில் ஓட்டுவது எளிதன்று. சட்ட விதிகள் கடுமையானவை. ஆனால் தகடு பொருத்தும் தொழில் நமக்குப் புதிதன்று. வெறும் சட்டகமாக வரும் வண்டிக்குக் கரூர்ப் பட்டறைகளில் முழுப் பேருந்துக்கூட்டையே கட்டி முடிக்கிறார்கள். அங்கே ரிவிட் அடிக்கும் கைகளுக்கு, நான் மூன்று வாரத்தில் கற்றதைப் போல் நூறு மடங்கு தெரிந்திருக்கும். அந்தக் கைகளில் நம் கைகளும் ஏன் இருக்கக் கூடாது? ஊசியைப் பிடிக்கத் தெரிந்த விரல்களுக்கு ரிவிட் கருவி ஒன்றும் அந்நியமானதன்று.

அன்புத் தோழியரே, உறுதி என்றால் என்றும் திறக்க முடியாதபடி அடைத்துவிடுவது என்று நாம் நினைக்கிறோம். சாலையின் ஆட்டத்துக்கு அசையாமல் நிற்க வேண்டும். உரியவர் கருவியோடு வந்தால் வழிவிடவும் வேண்டும். நல்ல பொருத்தம் என்பது இவ்விரண்டும் சேர்ந்ததே. ஆகவே எதையும் மூடும் முன் ‘இதற்குப் பின்னால் என்ன இருக்கிறது, நாளை யார் இதைத் திறப்பார்?’ என்று ஒருமுறை கேட்டுக்கொள்வோம். அந்தப் பின்னவருக்கு இரண்டு வரி எழுதியும் வைப்போம்.